முதலெழுத்து வீட்டில் தொடங்குக!

தமிழ்நாட்டில் ஒரு புதுவகைக் குருட்டுத்தன்மை பரவி வருகின்றது. கண் நன்றாகத் தெரியும், எழுத்துத் தெரியாது. பேருந்தின் நெற்றியில் தமிழில் எழுதியுள்ள ஊர்ப்பெயரைப் படிக்கவியலாமல், ஆங்கிலப் பெயரைத் தேடி எழுத்துக்கூட்டும் பத்தகவைத் தமிழ்ப்பிள்ளைகள் நகரந்தோறும் உளர். அவர்களின் தாயும் தமிழச்சி, தந்தையும் தமிழன், வீட்டில் வழங்குவதும் தமிழே. ஆயினும், அவர்கள் விரல் பிடித்து முதன்முதல் எழுதுவிக்கப்பட்டது அகரமன்று; அயலெழுத்து!

இக்கேட்டிற்கு அரசைப் பழிப்பதும் பள்ளி முதலாளியரைப் பழிப்பதும் எளிது. அவர்கள் பழிக்கத் தக்கவர்களே. ஆனால், முதற்பழி எவர்க்கென்று நடுநின்று ஆராயின், விடை தமிழ்ப்பற்றாளர் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கும். மாலையில் மேடையேறித் 'தமிழ் வாழ்க' என்று முழங்குகின்றவர், காலையில் தம் மூன்றகவை மகவை எந்தப் பள்ளி வாயிலில் இறக்கிவிட்டு வந்தார்? கைதட்டிய கூட்டத்துள் எத்துணைப் பேர் தம் பிள்ளைக்கு ஓரெழுத்தேனும் தம் கையால் கற்பித்தனர்? இவ்வினாவிற்கு விடையிறுக்காத தமிழ்ப்பற்று வாய்ப்பற்றேயன்றி வாழ்க்கைப்பற்றாகாது.

1999-ஆம் ஆண்டு, ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டுமெனத் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கிற்று. கருநாடக வழக்கொன்றில், 2014 மேத் திங்களில், உச்சநீதிமன்றமும் தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியைத் தேரும் உரிமை குழந்தைக்கும் அதன் சார்பில் பெற்றோர்க்கும் உரியது. அரசு தாய்மொழியை வலிந்து புகுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. இது கேட்டு வருந்திய தமிழன்பர் பலர். இதன் மறுபுறத்தை நோக்கினவர் சிலரே. தேரும் உரிமை பெற்றோர்க்கென்றால், தேர்ந்ததன் பழியும் பெற்றோர்க்கே. தமிழைத் தேராதே என்று எந்த நீதிமன்றமும் எந்தத் தாயின் கையையும் பிடித்துத் தடுக்கவில்லை. மேலும், 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகட்கே உரியது. அதற்கு முற்பட்ட பருவத்தில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டுமென அச்சட்டம் வற்புறுத்தவில்லை. அப்பருவம் வீட்டின் உடைமை. அவ்வுடைமையை விலைகொடுத்து விற்கின்ற விந்தையைத் தமிழ்நாட்டில்தான் காணலாம். விற்பவனே பணமும் கட்டுகின்றான்!

'கிண்டர்கார்ட்டன்' என்று பெருமை பேசுவோர் அப்பெயரின் வரலாற்றையேனும் அறிதல் வேண்டும். அது பிறப்பால் ஆங்கிலச் சொல்லன்று, செருமானியச் சொல். 'குழந்தைத் தோட்டம்' என்பது பொருள். 1840-இல் அப்பெயரை வழங்கிய புரோபெல் என்னும் கல்வியறிஞர், தாய் தன் மடியிலுள்ள குழந்தையுடன் பாடியும் விரலசைத்தும் விளையாடுதற்குரிய பாட்டுநூலொன்றை 1844-இல் வெளியிட்டார். அதுவும் தம் தாய்மொழியில். தாய்மடியும் தாய்மொழியும் விளையாட்டுமே அவர் கண்ட தோட்டத்தின் மண். இங்குள்ளாரோ பெயரை இரவல் பெற்றுக்கொண்டு மண்ணை வாரிக் கொட்டிவிட்டனர். பொருள் விளங்காத அயற்பாட்டைக் குழந்தை ஒப்பிக்கின்றது, பெற்றோர் பூரிக்கின்றனர். கிளியும் ஒப்பிக்கும், கிளியைப் படித்ததென்று எவரும் கூறார்.

படித்தல் என்பது யாது? காதால் முன்பே அறிந்த சொல்லைக் கண்ணால் அடையாளங் காண்பது. மூன்றகவைத் தமிழ்க்குழந்தைக்கு 'மரம்' என்னும் சொல் தெரியும். அதன் எழுத்து வடிவங்களைக் காட்டினால் போதும். பொருள் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அறியாத மொழியில் தொடங்கும் குழந்தையோ வடிவம், ஒலி, சொல், பொருள் என்னும் நான்கு சுமைகளையும் ஒருங்கே தூக்கித் தள்ளாடுகின்றது. 'கல், தங்கம், பகல்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூவேறு வகையாய் ஒலிப்பதைத் தமிழ்க்குழந்தைக்கு எவரும் தனியே கற்பிப்பதில்லை. இடம் நோக்கி அதன் நா தானே ஒலிக்கின்றது. அது தாய் முன்பே நடத்தி முடித்த பாடம்.

247 எழுத்தா என்று மலைப்பார்க்கு ஒன்று கூறுதும். உயிர் 12, மெய் 18. ஆக, முதலெழுத்து 30 என்பது தொல்காப்பியர் கணக்கு. உயிர்மெய் 216-உம் இவற்றின் கூட்டே. 'கா' அறிந்த குழந்தைக்கு 'மா, பா, தா' அறிவிக்கத் துணைக்கால் ஒன்றே போதும். உகர ஊகார வரிசைகளே வடிவம் வேறுபடுவன. அவற்றைப் பின்னர் வைத்துக்கொள்க. ஆங்கிலத்திலோ ஓரெழுத்துக்குப் பல ஒலி. ஓரொலிக்குப் பல எழுத்து. ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றை ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வு, பிறமொழிக் குழந்தைகள் பலரினும் ஆங்கிலக் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க இருமடங்கிற்கு மேற்பட்ட காலம் கொள்வதைக் காட்டிற்று. ஆங்கிலேயன் மகனுக்கே முட்புதராயிருப்பதைத் தமிழன் மகனுக்குத் தவழும் தரையாக்குவது அறிவுடைமையா? ஆங்கிலம் கற்கவே வேண்டா என்பதன்று வழக்கு. முதலில் எது என்பதே வழக்கு. வேர் ஊன்றிய பின்னர்க் கிளை எத்திசையிலும் படரட்டும்.

செய்ய வேண்டுவது மிக எளிது. நாடொறும் கதையும் பாட்டும் பேச்சும் வீட்டில் நிறைக. பின்பு தட்டில் மணலோ அரிசியோ பரப்பி விரலால் எழுதுவிக்க. நெடுங்கணக்கு வரிசை ஓதுதற்கு உரியது. எழுதுதற்கோ எளிய வடிவம் முற்படுக. அகரத்தின் வளைவு பிஞ்சு விரலுக்கு அரிது. 'ட, ப' என்பவை நேர்கோடுகளாலேயே அமைவன. அவற்றொடு மகரமும் புள்ளியும் சேரின், 'படம், மடம், பட்டம்' எனப் பொருளுள்ள சொற்கள் உடனே பிறக்கும். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். கடுஞ்சொல்லும் அடியும் வேண்டா. கிழமைக்கு ஓரெழுத்தென்றாலும் ஓராண்டு முடியுமுன் முதலெழுத்து முப்பதும் முடிந்துவிடும்.

கூலித் தொழிலாளியும், எழுத்தறியாத் தாயும் என் செய்வர் எனின், அங்கேதான் தமிழ்ப்பற்றாளரின் கடமை தொடங்குகின்றது. 1789-இல் சென்னை ஆண்பிள்ளைகள் ஆதரவில்லப் பள்ளியின் பொறுப்பேற்ற பெல் என்னும் கிறித்தவக் குருவர், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார்; இங்கிலாந்து திரும்பி, 1797-இல் அதனை நூலாக்கி வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அது அங்குப் பெயர் பெற்றது. வெள்ளையன் இங்கு வந்து கற்றுச்சென்ற மணற்பாடத்தைத் தமிழன் மறந்து, காசு கொடுத்து அயலெழுத்து வாங்குகின்றான்!

ஆதலின், தமிழ்ப்பற்றாளர் ஒவ்வொருவரின் திண்ணையும் மாலையில் ஒருமணி நேரம் தெருக்குழந்தைகட்குத் திறந்திருத்தல் வேண்டும். திண்ணையில்லா வீட்டில் கூடம் திறக்கட்டும். கூடமும் இல்லையேல் மரநிழல் போதும். பத்துக் குழந்தைகட்கு எழுத்தறிவித்தவனே பத்து மேடை ஏறியவனினும் தமிழுக்கு உழைத்தவன். தமிழ் வாழ்க என்று வாயால் எழுதியது போதும். இனி மணலில் எழுதுக!