கானைக் கட்டுமுன் வாவியைப் பாருங்க

மட்டக்களப்பில் வெள்ளம் நின்றதும் எல்லாரும் முதலில் சொல்லுறது, "கான் அடைச்சுப் போச்சு." ஆட்கள் இறங்கிப் பொலித்தீனை அள்ளுவாங்க, நாலு பேர் படம் எடுத்துப் போடுவாங்க. அடைப்பு உண்மைதான். ஆனால் துப்புரவாகக் கிடக்கிற கானிலும் மார்கழியில் தண்ணி அசையாமல் நிற்கிறதே, அது என்னத்துக்கு? எங்களுக்குத் தெரிகிற காரணம் இது: நம் ஊரில் கானை வீதியைப் பார்த்துக் கட்டுகிறோம், வாவியைப் பார்த்துக் கட்டுவதில்லை.

தண்ணி ஓட வேணும் என்றால் அது போய் விழுகிற இடம் தாழ்வாக இருக்க வேணும். புளியந்தீவில் எந்தப் பக்கம் கானை வெட்டினாலும் அது வாவியில்தான் முடியும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுக்கமான மணல்தரை. சரிவு மிகக் குறைவு. வாவியோ 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. அதற்குக் கடல்வாசல் இரண்டே இரண்டு: ஒன்று பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாற்றில். கோடையில் இவற்றை மணல் மூடிவிடும். மாரி தொடங்கினால் நகரத்து மழையோடு படுவான்கரை வயல்களின் தண்ணியும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் வான் பாய்கிற தண்ணியும் சேர்ந்து அதே வாவிக்கு வருகின்றன. வாவி மட்டம் கானின் வாயைத் தாண்டினால் கான் வடிகானாக இருக்காது. வாவித் தண்ணியை ஒழுங்கைக்குள் கொண்டுவரும் வாய்க்காலாகிவிடும்.

இதற்கு மேல்தான் காலநிலை மாற்றம் வந்து நிற்கிறது. வளி 1 பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் கனமழை இன்னும் கனமாகும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. மலைநாட்டு ஊருக்கு 20 சென்ரிமீற்றர் ஒன்றுமில்லை. நம்மைப் போன்ற தட்டையான ஊருக்கு அது கான் ஓடுமா, ஓடாதா என்கிற கணக்கு. மேலிருந்து மழை கூடுது, கீழே வடிகிற இடம் உயருது. பழைய மழைக்கணக்கை வைத்துக் கட்டிய கான் இரண்டு பக்கத்தாலும் தோற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கிலும் அயல் மாவட்டங்களிலும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழை மறுபடியும் கிழக்கை மூழ்கடித்தது.

நாங்கள் என்ன செய்கிறோம்? றோட்டை உயர்த்துகிறோம். றோட்டு உயர்ந்தால் பக்கத்து வளவு பள்ளமாகும். காசுள்ளவர் நாலு டிப்பர் கிரவல் கொட்டி வளவை மேடாக்குவார். அந்தத் தண்ணி கொட்ட வசதியில்லாதவரின் வாசலுக்குப் போகும். வெள்ளம் குறையவில்லை, கைமாறியிருக்கிறது. வாவி ஓரத்துத் தரவைகளையும் பள்ளக்காணிகளையும் நிரப்பி வீடு கட்டுவதும் இதே கதைதான்.

2010 நவம்பரில் கொழும்பில் பாராளுமன்றமே வெள்ளத்துக்குள் நின்றது. மறுகா 2012இல் உலக வங்கிக் கடனோடு பெரிய திட்டம் தொடங்கினார்கள். கால்வாய்களைத் திருத்தியதோடு, நகரத்துச் சதுப்புநிலங்களை வெள்ளத்தைத் தாங்கும் தொட்டிகளாக மதிக்கவும் தொடங்கினார்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த ஒத்துக்கொள்ளல் இன்னும் கூடுதலாக வேணும்.

நாங்கள் கேட்பது நாலு விடயம்.

ஒன்று, எந்தக் கானையும் வாவியின் மாரிகால உயர்மட்டத்தில் இருந்து கணக்குப் போட்டு வரைய வேணும். தாழ்ந்த இடங்களில், வாவித் தண்ணி தள்ளினால் தானாக மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு வேணும். கதவு மூடிக் கிடக்கும் நேரத்துக்குப் பம்பியும் வேணும். பொலித்தீன் சிக்கினால் இந்தக் கதவு மூடாது. ஆகவே கான் துப்புரவு அப்போதும் தேவைதான்.

இரண்டு, மிஞ்சியிருக்கிற தோணா, தரவை, கண்டல் ஓரங்களை நிரப்பவே கூடாது.

மூன்று, வளவு முழுக்கச் சீமெந்து போடுவதை விட வேணும். மணல் ஐப்பசி மழையை நன்றாகக் குடிக்கும். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் குடிக்காது. அதனால் இது உதவிதான், முழு மருந்து இல்லை.

நான்கு, முகத்துவாரம் வெட்டுவது. வயல் அழுகுது, வெட்டுங்க என்பார் விவசாயி. தண்ணி ஒரேயடியாக ஓடினால் மீனும் இறாலும் போயிடும் என்பார் மீனவர். இரண்டு பேரும் சொல்வது நியாயம். நகரத்துக் கானும் இதே முடிவைத்தான் நம்பி நிற்கிறது. வெள்ளம் வந்தபிறகு அவசரக் கூட்டம் போடாமல், எந்த மட்டத்தில் வெட்டுவது என்று மாரிக்கு முன்பே மூன்று தரப்பும் இருந்து பேசி எழுதி வைக்க வேணும். வாவியின் மட்டத்தைக் கல்லடிப் பாலத்தடியில் எல்லாரும் பார்க்கிறமாதிரி அளவுகோல் நட்டுக் காட்டலாம்.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பார்கள். ஓடாத கானுக்கும் காசு செலவழித்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

அடுத்தமுறை உங்கள் ஒழுங்கையில் கான் வேலைக்குப் பெயர்ப்பலகை நட்டால், எவ்வளவு செலவு, யார் திறந்து வைப்பது என்பதோடு நிற்க வேண்டாம். வாவி எவ்வளவு உயர்ந்தால் இந்தக் கான் ஓடாமல் நிற்கும் என்று கேளுங்க. பதில் இல்லையென்றால் வரைபடத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.