கப்பலின் அகமும் புறமும்

விருந்துக்குச் செல்வோரில் இரு வகையினர் உளர். முன்விறாந்தையில் அமர்ந்து, இட்டதை உண்டு, தாம்பூலம் தரித்து விடைபெறுவோர் ஒரு வகையினர். உண்டபின் அடுக்களைப் பக்கம் சென்று, புகையில் நின்று சமைத்தவர்களிடம் இரண்டு நல்வார்த்தை சொல்லிவிட்டுப் போவோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினரின் தொகை எக்காலத்திலும் குறைவே. ஆயினும் விருந்தின் அருமையை முழுதும் அறிந்தவர்கள் அவர்களே என்பது எமது துணிபு.

கப்பற் பிரயாணமும் அத்தகையதே. இலண்டன், தொரொன்ரோ முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பலர் இன்று விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு உல்லாசக் கப்பல்களில் ஏறிக் கடலுலாச் செல்கின்றனர். ஊரிலுள்ள உறவினருக்கு அவர்கள் அனுப்பும் படங்களில் நீச்சற்குளம் இருக்கும், ஆடலரங்கு இருக்கும், விருந்து மண்டபம் இருக்கும். அந்தக் கப்பலைச் செலுத்தியவர் யார், அதன் படுக்கை விரிப்புக்களை வெளுத்தவர் யார், நடுக்கடலில் குடிநீர் எங்கிருந்து வந்தது என்னும் செய்திகள் மட்டும் இரா.

இவற்றைக் காண விரும்புவோருக்கென்றே பல கப்பற் கம்பனிகள் ஓர் ஏற்பாடு செய்துள்ளன. பயணிகளிற் சிலரைச் சிறு குழுவாகச் சேர்த்து, சமையற்கூடம், சலவைச்சாலை, இயந்திரக் கட்டுப்பாட்டறை, கப்பலோட்டும் மேடை ஆகிய இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுகின்றார்கள். பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எனினும் கொடுத்த காசுக்கு மிகுந்த பயன் தருவது இச்சுற்றுலாவே எனலாம். அது எவ்வாறு ஒழுங்கு செய்யப்படுகின்றது, அதில் நாம் எதைப் பார்க்கவேண்டும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம். வல்வெட்டித்துறை வாசகர்களுக்கு இப்பொருள் அந்நியமானதன்று.

திரையில்லாத கப்பல்

வல்வையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. வேப்பமரங் கொண்டு நம்மூர் மேஸ்திரிமார் கட்டிய அக்கப்பலின் நீளம் 89 அடி. முன்னரே சிறு பாய்க்கலம் ஒன்றில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்றிருந்த அமெரிக்கர் வில்லியம் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் எல்லாங் கடந்து, 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்ற மாலுமிகளுள் வல்வைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் நம்மூர்த் தோழர் நால்வரும் இருந்தனர். இவ்வரலாற்றை அறியாத வல்வைப் பிள்ளை இருத்தல் கூடாது.

அக்கப்பலிற் 'பின்புறம்' என்று மறைக்கப்பட்ட இடம் ஏதும் இருந்ததில்லை. அணியத்தில் நிற்பவன் சுக்கான் பிடிப்பவனைக் காண்பான். சோறு வேகும் மணம் பாய் கட்டுபவனுக்கு எட்டும். அதில் ஏறிய சிறுவன் ஒருவன் ஒரே நாளில் கப்பல் முழுவதையும் கண்ணால் அளந்துவிடலாம். இந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்றுவந்த வல்வைப் பாய்க்கப்பல்கள் யாவும் இத்தன்மையனவே. கப்பற் கல்வி இவ்வூரிற் பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை. கட்டுமரத்தடியிலும் கரையோரத்திலும் தொடங்கியது.

இதனோடு இக்காலக் கப்பல் ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2023 ஜூன் 16ஆம் நாள், சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்தது. வல்வையிலிருந்து கரையோரமாக மேற்கே நோக்கினால் அத்துறைமுகம் தொலைவிலில்லை. பிரான்சு தேசத்திலே கட்டப்பட்டு 1990இற் கடலோடத் தொடங்கிய அக்கப்பலின் நீளம் 211 மீற்றர். அன்னபூரணியைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அடுக்கடுக்காகப் பதினொரு தளங்கள். ஆயிரத்தெண்ணூறு பேர் வரை பயணஞ் செய்ய இடமுண்டு. அவர்களுக்குப் பணிபுரிவோர் பல நூற்றுவர். ஆனால் பயணி காணும் கப்பல் வேறு. பணியாளர் வாழும் கப்பல் வேறு. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு சாதாரணக் கதவு. 'பணியாளர் மட்டும்' என்ற அறிவிப்பே அதன் பூட்டு.

பர்மா வீதி

அக்கதவைத் திறந்தால் முதலிற் காண்பது ஒரு நீண்ட நடைபாதை. கம்பளம் இல்லை, சித்திரம் இல்லை, கூரையிற் குழாய்களும் மின்கம்பிகளும் வெளித்தெரியும். மூட்டை முடிச்சுக்களும், காய்கறிப் பெட்டிகளும், அழுக்குத் துணி வண்டிகளும், பணிமாறிச் செல்லும் மனிதரும் இடையறாது நடமாடும் ராஜபாட்டை அது. 1912இல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலில் இத்தகைய பாதைக்கு மாலுமிகள் இட்டிருந்த பெயர் 'ஸ்கொட்லாந்து வீதி'. லிவர்பூல் நகரத் தொழிலாளர் வாழ்ந்த தெரு ஒன்றின் பெயர் அது. 2004இற் சேவைக்கு வந்த 'குவீன் மேரி 2' கப்பலிலோ அதன் பெயர் 'பர்மா வீதி'. பர்மாவுக்குக் கப்பலோட்டிய ஊரவர் இப்பெயரைக் கேட்டு ஒரு கணம் நின்று யோசிப்பர் அன்றோ?

இவ்வீதியின் இருமருங்கும் ஒரு சிறு பட்டினமே இயங்குகின்றது. சமையற்கூடத்தில் இறைச்சிக்கு ஒரு பகுதி, மீனுக்கு ஒரு பகுதி, மரக்கறிக்கு ஒரு பகுதி எனப் பிரித்து வைத்திருப்பர். ஒன்றன் கத்தியும் பலகையும் மற்றதனுட் புகா. பச்சைப் பொருள் ஒருவழி வர, சமைத்த உணவு வேறுவழி போகும். மிஞ்சிய உணவை நினைத்தபடி கடலிற் கொட்டவும் முடியாது. அரைத்துப் பொடியாக்கிய உணவுக் கழிவையே கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால் விடலாம். அரைக்காததாயின் 12 கடல்மைல் தாண்டவேண்டும் என்பது சர்வதேச விதி. சில கடற்பகுதிகளில் விதி இன்னும் கடுமையானது.

குடிநீரின் கதையோ விந்தையிலும் விந்தை. இயந்திரங்கள் வெளிவிடும் வெப்பத்தை வீணாக்காது, காற்றழுத்தங் குறைந்த கலங்களிற் கடல்நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரச்செய்து நன்னீராக்குகின்றனர். அழுத்தங் குறைந்த இடத்தில் நீர் 100 பாகைக்கு முன்னரே கொதிக்கும் என்று பௌதிக பாடத்திற் படிக்கும் மாணவன், அதனை இங்கே கண்ணாற் கண்டுகொள்ளலாம். கடல்நீரை நுண்ணிய சவ்வுகளினூடே பேரழுத்தத்துடன் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறையும் உண்டு. நன்னீர்க் கிணற்றின் அருமை தெரிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கதவு திறக்கும் முறை

இச்சுற்றுலாவை ஒழுங்கு செய்தல் எளிய காரியமன்று. ஓய்வாக இருக்கும் துறை கப்பலில் ஒன்றேனும் இல்லை. ஆகவே காலை உணவு முடிந்து மதிய உணவு தொடங்குமுன் உள்ள இடைவேளையே சமையற்கூடத்துக்கு உரியது. கப்பல் துறைமுகத்துட் புகும்போதும் வெளியேறும்போதும் கப்பலோட்டும் மேடைக்கு அந்நியர் வரலாகாது. வழிகாட்டும் 'பைலட்' அங்கே நிற்பார். ஒரு சொல் தவறினும் கேடு விளையும். எனவே கரை காணாது கடலிலேயே கழியும் நாள்தான் இச்சுற்றுலாவுக்குப் பொருத்தமான நாள். தலைமைப் பொறியியலாளர், தலைமைச் சமையற்காரர், பாதுகாப்பு அதிகாரி ஆகியோரின் நேரங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரலிட்ட பின்னரே குழு புறப்படும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கப்டனின் சம்மதம் வேண்டும்.

முற்காலத்தில் மாலுமியிடம் அன்பாகக் கேட்டால் மேடைக்கு அழைத்துச் சென்று காட்டுவதும் உண்டு. 2001 செப்டெம்பர் 11இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின்னர் நிலைமை மாறியது. 2004 ஜூலை 1 முதல் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் ஒவ்வொருவர் பெயரும் பதியப்பட்டே உள்ளே விடப்படுகின்றனர்.

செல்ல விரும்புவோர் அறியவேண்டியவை சில. கப்பலேறிய முதல் நாளே வரவேற்பு மேசையிற் கேட்டுவிட வேண்டும். குழு சிறியதாகையால் இடம் விரைவில் நிரம்பிவிடும். பிள்ளைகளுக்கு வயதெல்லை உண்டா என்று முன்னரே விசாரித்தல் நன்று. விரல்களை மூடும் சப்பாத்து அவசியம், செருப்பு உதவாது. ஈரத் தரையும் செங்குத்தான இரும்புப் படிகளும் இருப்பதால், பெண்மணிகள் நீண்ட தலைப்புடைய சேலையைத் தவிர்ப்பது நலம். வயிற்றுக் கோளாறு உடையவர் சமையற்கூடத்துக்குச் செல்லுதல் தகாது. ஒருவரின் நோய் ஆயிரவரைப் பற்றிவிடும். படம் எடுக்கலாகாது என்று சொல்லும் இடத்தில் எடுக்கக்கூடாது. இயந்திர அறைக்குள்ளேயே செல்லலாம் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஓசை காதைச் செவிடாக்கும். கண்ணாடிக்கு இப்பால் உள்ள கட்டுப்பாட்டறையிலிருந்து பார்ப்பதே வழக்கம்.

கட்டணம் செலுத்த இயலாதவருக்கும் ஒரு பாடம் இலவசமாக உண்டு. அது உயிர்காப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13இல் இத்தாலியக் கரையோரத்தில் 'கொஸ்தா கொன்கோர்தியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தனர். அன்று அதில் ஏறிய பயணிகளிற் பலர் அப்பயிற்சியைப் பெற்றிருக்கவில்லை. 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் அப்பயிற்சி நடைபெறவேண்டும் என்று விதித்துள்ளனர். அதனைத் தொல்லையென்று முணுமுணுப்போர் உளர். கடலை அறிந்த குடியிற் பிறந்தவர் அவ்வாறு செய்யலாமா?

எதைக் கேட்பது?

சுற்றுலா செல்வோரிற் பெரும்பாலார் 'ஒரு நாளைக்கு எத்தனை முட்டை? எத்தனை மூட்டை மா?' என்றே கேட்கின்றனர். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் அம்முட்டையை உடைக்கும் கைகள் எத்தனை மணிநேரம் உழைக்கின்றன என்று ஒருவராவது கேட்கவேண்டும். கடற்றொழிலாளர் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை 2006இல் நிறைவேறி, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எந்த 24 மணிநேரத்திலும் குறைந்தது 10 மணிநேர ஓய்வும், ஏழு நாட்களில் 77 மணிநேர ஓய்வும் வேண்டும். சற்றே கணக்கிட்டுப் பாருங்கள்: இவ்விதியைச் சிறிதும் மீறாமலே ஒரு மனிதனை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம், வாரம் முழுவதும் வேலை வாங்கலாம்! கரையிற் கந்தோரில் இருப்பவர் இதற்கு இசைவாரா?

உல்லாசக் கப்பற் பணியாளரிற் பெருந்தொகையினர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய தேசத்தவர். மாதக் கணக்காக மனைவி மக்களைப் பிரிந்திருப்பவர். கடலோடும் கணவனுக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருந்த பெண்களின் துயரம் வல்வை வீடுகளுக்குப் புதிதன்று. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று பயணிகளாக மேற்றளத்தில் அமர்ந்திருக்கும்போது, கீழ்த்தளத்திலிருந்து தேநீர் கொண்டுவருபவன் தம் பாட்டனாரின் தொழில் வழித் தோன்றல் என்பதை உணர்தல் வேண்டும். அவன் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி நன்றி கூறுதல் பெரிய காரியமன்று. ஆனால் அவன் அதை மறக்கமாட்டான்.

நம் பிள்ளைகளுக்கு

இனி ஊரிலுள்ள மாணவர்களைப் பற்றிச் சில சொற்கள். இயந்திரக் கப்பல்களின் வரவாலும் சுங்க, குடிவரவுக் கட்டுப்பாடுகளாலும் பாய்க்கப்பல் வாணிகம் மங்கியது. பின்னர் வந்த போர் 2009இல் முடியும்வரை, எதிரே கிடந்த கடலே எட்டாத கடலாயிற்று. ஆகவே ஒன்றிரண்டு தலைமுறைகள் கப்பலின் உள்ளே கால்வையாமலே வளர்ந்துவிட்டன. வீட்டு முற்றத்திலிருந்து அடிவானத்திற் கப்பலின் வெளிச்சத்தைக் காணும் பிள்ளைக்கு, அதனுள்ளே எத்தனை தொழில்கள் உள்ளன என்பது தெரியாது. மின்னியலாளர், குளிரூட்டி வல்லுநர், வைத்தியர், தாதியர், கணக்காளர், சமையல் விற்பன்னர், வழிச்செலுத்தும் அதிகாரி என்று எத்தனையோ பதவிகள் அங்கு உள. அவற்றிற் பலவற்றைப் பெண்களும் வகிக்கின்றனர். காணாத தொழிலை விரும்புவது எங்ஙனம்?

ஆதலின் எமது யோசனை இது. காங்கேசன்துறையிற் பயணிக் கப்பல் ஒன்று தங்கும் வாய்ப்பு வரும்போது, சிதம்பராக் கல்லூரி போன்ற வித்தியாசாலைகளின் ஆசிரியர்கள் கப்பலின் உள்ளூர் முகவருக்குச் சில வாரங்களுக்கு முன்னரே எழுதவேண்டும். மாணவர் பெயர்ப் பட்டியலையும் அடையாள விபரங்களையும் உடன் அனுப்பி, துறைமுக அதிகாரிகளின் அனுமதியையும் கோரவேண்டும். இருபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு மணிநேரம்: இதற்கு மேற் கேட்க வேண்டியதில்லை. மறுமொழி 'இல்லை' என்று வரலாம். அடுத்த கப்பலுக்கு மீண்டும் எழுதலாம். உல்லாசக் கப்பலே வேண்டுமென்பதும் இல்லை. 2023 அக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து 'செரியாபாணி'யும், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை'யும் காங்கேசன்துறைக்கு வந்தன. அத்தகைய சிறு கப்பலிலும் திசைகாட்டி உண்டு, ராடர் உண்டு, பொறுமையாக விளக்கிச் சொல்லும் மாலுமியும் இருக்கக்கூடும்.

போகுமுன் பிள்ளைகள் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. ஊரிலுள்ள முதிய கடலோடி ஒருவரை அணுகி, அணியம், சுக்கான், பாய்மரம், நங்கூரம் முதலியவற்றின் பயனையும், வல்வைத் தச்சரும் தண்டையல்மாரும் வழங்கிய பிற சொற்களையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். பின்பு இரும்புக் கப்பலில் ஏறி, அவற்றில் எவை இன்னும் இருக்கின்றன, எவை மறைந்தன, எவற்றின் இடத்தை எது பிடித்தது என்று தேடிப் பார்க்கட்டும். அந்தக் கொப்பி ஒவ்வொரு பள்ளிக்கூட நூல்நிலையத்திலும் இருக்கத்தக்கது. அம்முதியவர்கள் நம்மோடிருக்கும் போதே இது நடைபெற வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் சிந்திப்பார்களாக.