நேர்காணலுக்கு முன்பே முடிந்துவிடும் தேர்வு

"அரசாங்கம் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது, மலைப் பிள்ளைகள்தான் விண்ணப்பம் போடுவதில்லை." வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகையைப் பற்றிப் பேச்சு வந்தால், கீழே ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் இருக்கும் என் வயது நண்பர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால், முப்பது வருஷத்துக்கு மேல் விண்ணப்பங்களை வாங்கி, எண் போட்டு, குறை எழுதித் திருப்பி அனுப்பிய குமாஸ்தா நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தப் பேச்சு சுத்தத் தவறு.

முதலில் கணக்கு. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு. நாடு முழுவதற்கும் சேர்த்தே 20. 2011 கணக்கெடுப்பில் பழங்குடி மக்கள் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் மலையாளி மக்கள் மட்டும் மூன்றரை லட்சம். ஆதிதிராவிடர் உள்ளிட்டோருக்கான மத்தியத் திட்டத்தில் 125 இடங்கள். அதில் 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். ஒதுக்கி வைத்த பணம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. நம் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பணத்தின் வாசல்வரை போவது எப்படி?

ஆதிதிராவிடருக்கான மத்தியத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில், நிபந்தனை இல்லாமல் இடம் கிடைத்த கடிதத்தோடு வர வேண்டும். அந்தக் கடிதம் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேல். மலையில் தேர்வு மையம் கிடையாது. மிளகும் காப்பியும் விற்றால்தான் கையில் காசு பார்க்கும் வீட்டில், உதவித்தொகை வருமா வராதா என்று தெரியாத நிலையில் இதை யார் கட்டுவார்? பணம் இல்லாதவருக்கு உதவ வந்த திட்டம், பணம் செலவழித்துவிட்டு வா என்கிறது!

அடுத்தது சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போக வேண்டும். பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களுக்கு மட்டுமே இருக்கிறது. நாமக்கல் 1997ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் என்பதால் அதன் பெயர் அதில் இல்லை. டெல்லியில் ஃபைல் பார்ப்பவருக்கு மலையாளி என்றதும் கேரளம் நினைவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒரு கடிதம் போய் விளக்கம் வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும். ‘விண்ணப்பம் வரவில்லை’ என்று எழுதப்படும் குறிப்பின் பின்னால் இப்படி எத்தனை நடை இருக்கிறது என்று எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தாண்டினால் பல உதவித்தொகைகளுக்கு ஆங்கிலத்தில் நேர்காணல். "நாலு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை அங்கே போய் எப்படிப் படிக்கும்?" என்று கேட்பார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லுவார் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேலைக்கான முதல் நேர்காணலில் ஆங்கிலத்தில் கேட்டபோது, விடை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ‘பையனுக்கு விஷயம் போதாது’ என்று என் காதுபடவே சொன்னார்கள். விஷயம் இருந்தது, மொழிதான் இல்லை. வேலையில் சேர்ந்த பின் இரண்டே வருஷத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன்.

ஜப்பான் அரசு தன் மெக்ஸ்ட் உதவித்தொகையில் இளங்கலை படிக்க வரும் அயல்நாட்டு மாணவரை முதலில் தேர்ந்தெடுக்கிறது. பிறகு ஒரு வருஷம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறது. ஜெர்மனியின் டாட் அமைப்பும் தேர்வான பலருக்குப் படிப்பு தொடங்கும் முன் மொழிப் பயிற்சி தருகிறது. அயலார் பிள்ளைகளுக்கு அவர்கள் செய்வதை, நம் பிள்ளைகளுக்கு நாம் ஏன் செய்யக் கூடாது?

"காகிதம் கேட்காவிட்டால் மோசடி நடக்குமே" என்பார்கள். காகிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். மதிப்பெண்ணும் ஆசிரியர் கருத்தும் பார்த்து, ‘நீ இடம் வாங்கினால் பணம் நிச்சயம்’ என்று முதலில் ஒரு கடிதம் கொடுங்கள். தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள். நேர்காணலைத் தமிழில் நடத்துங்கள், ஆங்கிலத்தைப் பிறகு ஆறு மாதம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்க இரண்டு மாதம் செம்மேட்டில் ஒரு ஆளைப் போடுங்கள். கணினியில் எண்ணைத் தட்டினால் உண்மை தெரியும் காலம் இது. நகலுக்கு நகல் கையெழுத்து எதற்கு?

1913ல் பரோடா மன்னர் அம்பேத்கருக்கு உதவித்தொகை கொடுத்து நியூயார்க் அனுப்பினார். திரும்பி வந்து பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் அதில் இருந்தது. கறாரான நிபந்தனைதான். ஆனால் அது படிப்பு முடிந்த பிறகு நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை. நம்முடையவை படிப்பு தொடங்கும் முன்பே கழுத்தைப் பிடிக்கின்றன.

அரசு மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களே, ஆசிரியர்களே, விண்ணப்பத்தில் எந்த இடத்தில் எது தவறும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வாருங்கள். இங்குள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பாருங்கள். சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்திக் கொடுத்தால், பட்டம் வாங்கி விண்ணப்பிக்கும் நேரத்தில் ஒரு வருஷம் மிச்சமாகும்.