மொழி எவருடைய உடைமை?

ஒரு மொழி எவர்க்கு உரியது? ஆட்சியாளர்க்கா, புலவர்க்கா, அகரமுதலி தொகுப்பார்க்கா, அன்றி நாவசைத்துப் பேசும் ஒவ்வொருவர்க்குமா? இவ்வினாவிற்கு விடை காணாது மொழிக்காப்புப் பற்றிப் பேசுவது, கரை எத்திசையில் உள்ளதென அறியாது படகு செலுத்துவதையே ஒக்கும்.

முன்பொருகால் எம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மரத்திற்கு மரமென்று பெயரிட்டவர் யார்? நான் அதற்கு வேறொரு பெயர் வைத்துக்கொண்டால் என்ன?" என்று வினவினான். பிற மாணவர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். "வைத்துக்கொள். அப்பெயரைச் சொன்னதும் உன் பக்கத்திலிருப்பவன் மரத்தைத் திரும்பிப் பார்க்கின்றானா என்று மட்டும் பார்" என்றோம். அச்சிறுவன் விளையாட்டாய்க் கேட்ட அவ்வினாவின்மேல்தான் இக்கால மொழியியல் என்னும் மாளிகையே எழுந்துள்ளது.

அம்மாளிகைக்குக் கால்கோள் செய்தவர், சுவிசு நாட்டுச் செனீவா நகரில் 1857-இல் பிறந்த பெர்டினாண்டு தெ சொசூர் என்பார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொன்மை உயிரொலிகளைப் பற்றி அவர் நூலெழுதி வெளியிட்டபோது அவர்க்கு அகவை 21. அம்மொழிகளில் நேரே காணப்படாத ஒலிக்கூறுகள் சில, முன்பு இருந்திருத்தல் வேண்டுமென்று, மொழியமைப்பின் ஒழுங்கு ஒன்றையே துணையாகக் கொண்டு அந்நூலில் அவர் கணித்தார். 1913-இல் அவர் மறைந்தார். 1927-இல் போலந்து அறிஞர் குரிலோவிச்சு, பழைய இட்டைட்டு மொழியின் ஓர் ஒலி அக்கணிப்பிற்கு இசைந்து நிற்பதை எடுத்துக்காட்டினார். மொழி என்பது சொற்குவியலன்று, கட்டுக்கோப்புடைய ஓர் அமைப்பு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

1907 முதல் 1911 வரை செனீவாப் பல்கலைக்கழகத்தில் மும்முறை அவர் பொதுமொழியியல் கற்பித்தார். ஆயினும் அதனை நூலாக்கினாரல்லர். அவர் மறைவுக்குப்பின், சார்ல் பாலி, ஆல்பெர் செசெயே என்னும் இருவர், மாணவர்தம் குறிப்பேடுகளைத் தொகுத்து 1916-இல் நூலாக வெளியிட்டனர். அவ்விருவரும் அவ்வகுப்புகளில் அமர்ந்து கேட்டவரல்லர் என்பது வியப்பிற்குரியது. உலக மொழியியலின் போக்கையே மாற்றிய நூல், கருத்தூன்றிக் குறிப்பெடுத்த மாணவர் சிலரால் பிழைத்த நூல் என்பதை ஆசிரியரும் மாணவரும் உள்ளத்திற் கொள்க.

சொசூர் கூறிய முதலுண்மை இது: சொல்லென்பது பொருளின்மேல் ஒட்டப்பெற்ற பெயர்ச்சீட்டன்று. உள்ளத்திற் பதிந்த ஓர் ஒலி வடிவும், அது எழுப்பும் கருத்தும், ஒரு தாளின் இரு பக்கங்கள்போற் பிரிக்கவியலாது ஒன்றி நிற்பதே சொல்லாகும். எனினும், அவ்வொலிக்கும் அக்கருத்துக்கும் இடையே இயற்கைக் கட்டு ஏதுமில்லை. எருது எந்நாட்டிலும் எருதே. பிரெஞ்சுக்காரர்க்கு ஒரு பெயர், செருமானியர்க்கு வேறொரு பெயர். ஒலியையும் கருத்தையும் பிணைத்து வைத்திருப்பது, பேசும் மக்களின் உடன்பாடு ஒன்றே.

இங்கே நம்மவருட் சிலர் சினங்கொள்ளலாம். எல்லாச் சொல்லும் பொருள் குறிப்பன என்றும், அப்பொருட்குரிய கரணியம் பார்த்த அளவிலே தோன்றாதென்றும் தொல்காப்பியர் கூறியிருக்க, இவர் கரணியமே இல்லையென்கின்றாரே எனலாம். சினத்திற்கு இடமில்லை. தொல்காப்பியர் சுட்டுவது சொற்பிறப்பின் ஆழம்; சொசூர் சுட்டுவது இன்று பேசுவோன் உள்ளத்தில் நிகழும் செயல். 'நீர்' என்று கேட்கும் குழந்தை அச்சொல்லின் வேரை ஆராய்ந்த பின்னரா நீர் பருகுகின்றது?

மேலும், சொசூர் கரணியத்தை முற்றாக மறுத்தாருமல்லர். பிரெஞ்சு மொழியில் பத்தொன்பதைக் குறிக்கும் சொல், 'பத்து', 'ஒன்பது' என்னும் இரு சொற்களால் விளங்குகின்றது. இருபதைக் குறிக்கும் சொல்லோ எப்பகுதியாலும் விளங்குவதில்லை. எல்லா மொழியிலும் இவ்விரு வகையும் உண்டு, அளவுதான் வேறுபடும். செருமானியத்தில் உறுப்பால் விளங்கும் சொற்கள் மிகுதி, ஆங்கிலத்தில் குறைவு என்பதும் அவர் கூற்றே. நம் 'இருபது' தன் உறுப்பைத் தானே காட்டி நிற்பதை நோக்குக. 'வானூர்தி' என்றால் நம் சிறுவனுக்குப் பாதிப் பொருள் அப்பொழுதே விளங்கிவிடும். அயற்சொல்லோ அவனுக்கு மூடிய பேழை. மனப்பாடம் ஒன்றே அதன் திறவுகோல்.

இரண்டாம் உண்மை இதனினும் நுட்பமானது. மொழியில் எச்சொல்லும் தனித்து நின்று மதிப்புப் பெறுவதில்லை. சதுரங்கம் என இன்று வழங்கும் ஆனைக்குப்பு ஆட்டத்தை இதற்கு ஒப்புமை காட்டினார் சொசூர். குதிரைக் காய் மரத்தாலாயினும் தந்தத்தாலாயினும் ஒன்றே. பலகையின்மேல் ஏனைய காய்களோடு அது கொண்ட உறவே அதன் மதிப்பு. ஒரு காய் நகர்ந்தால் எல்லாக் காய்களின் நிலையும் மாறும்.

சொல்லும் அத்தகையதே. பிரெஞ்சு மொழியில் 'மூட்டோன்' என்னும் ஒரே சொல் செம்மறியாட்டையும் அதன் இறைச்சியையும் குறிக்கும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அவர்தம் பிரெஞ்சோடு அச்சொல்லும் ஆங்கிலத்துட் புகுந்து, 'மட்டன்' எனத் திரிந்து, தட்டிலிடும் இறைச்சிக்குப் பெயராயிற்று. ஆங்கிலரின் 'சீப்பு' என்னும் சொல், மேயும் ஆட்டளவில் ஒடுங்கிற்று. அயற்சொல் ஒன்று புகுந்தால் ஒரு சொல் கூடிற்று என்று மகிழ்வார், வந்த சொல் அமரும் பொருட்டு வீட்டுச்சொல் எவ்வளவு ஒதுங்கிற்று என்பதையும் கணக்கிடல் வேண்டும்.

ஒலியும் இந்நெறிக்கு உட்பட்டதே. கல், பகல் என்னும் சொற்களில் ககரம் இருவேறாக ஒலிப்பினும் நமக்கு அஃது ஓரெழுத்தே. அவ்வேறுபாடு நம் மொழியிற் பொருளை வேறுபடுத்துவதில்லை. கலை, களை, கழை என்பனவோ மூன்று சொற்கள். ஆங்கிலர்க்கு நிலை வேறு. மேற்சட்டையையும் ஆட்டையும் குறிக்கும் அவர்தம் இரு சொற்களைப் பிரிப்பது அக்ககர வேறுபாடு ஒன்றே. தமிழுக்கு எழுத்துப் போதாதென்று குறைகூறுவார், ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையே எழுத்தாகக் கொள்ளும் என்னும் இவ்வடிப்படையை அறிந்திலர்.

இனி, தலையாய உண்மைக்கு வருவோம். மொழி வேறு, பேச்சு வேறு என்று பிரித்தார் சொசூர். பேச்சு தனியொருவர் செயல். மொழி குமுகாயத்தின் உடைமை. அது எவர் ஒருவர் மூளையிலும் முழுமையாக இல்லை. பேசுவார் அனைவரிடத்தும் சேர்ந்தே நிறைவு பெறுகின்றது. ஆகவே, தனியொருவர் தம் விருப்பால் அதை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஆயினும், முதலிற் சிலர் பேச்சில் தோன்றாத எம்மாற்றமும் பின்னர் மொழியில் ஏறியதில்லை. ஒருவனால் ஆகாதது, ஒருவனிடமிருந்தே தொடங்குகின்றது!

இதற்கு ஒரு சான்று அமெரிக்காவில் உண்டு. மார்த்தாசு வினியார்டு என்னும் தீவின் மக்கள் பேச்சை ஆராய்ந்து 1963-இல் கட்டுரை வெளியிட்டார் வில்லியம் லெபாவு. தீவையே தம் மண்ணாகக் கருதி அங்கேயே வாழ விரும்பியோர், சில உயிரொலிகளைத் தீவுக்குரிய முறையில் மிகுதியாக ஒலித்தனர். வெளியேற எண்ணியோரிடம் அவ்வொலிப்பு குறைந்திருந்தது. மண்ணின்பால் கொண்ட பற்று, அவர் அறியாமலே அவர் நாவில் ஏறியிருந்தது.

எசுத்தோனிய நாட்டு யோகான்னசு ஆவிக்கு (1880-1973) தம் மொழிக்குப் புதுச்சொற்கள் பல படைத்தார். படைக்கலத்தைக் குறிக்க அவர் ஆக்கிய 'ரெல்வு', குற்றத்தைக் குறிக்க ஆக்கிய 'ரோய்மு' முதலியன இன்று அந்நாட்டார் நாவில் இயல்பாகப் புழங்குகின்றன. அவர் ஆக்கியவற்றுள் மக்கள் ஏலாதவை ஏட்டளவில் நின்றன. படைத்தவர் ஒருவரே, வாழ்வளித்தவர் மக்கள்.

இவற்றால் நாம் கற்கவேண்டியது யாது? நம்மிடையே இரு பிழைகள் உள. 'நான் ஒருவன் கலந்து பேசினால் மொழி கெட்டுவிடுமா?' என்பது ஒன்று. கெடுவதெல்லாம் அவ்வாறு ஒவ்வொருவர் வாயினின்றே கெட்டது என்பதை அவர் மறந்தார். மற்றொன்று நம் புலவர் பிழை. கலைச்சொற் பட்டியல் அச்சேறிய அன்றே கடமை முடிந்ததென்று கருதுகின்றோம். வீட்டில் வழங்காத சொல்லை, கடையிற் கேளாத சொல்லை, நம் பிள்ளைகளிடம் நாமே கூசிப் பேசாத சொல்லை, மேடையில் மட்டும் முழங்கிப் பயன் என்ன? அச்சொல்லுக்கு மதிப்புத் தரும் உறவு அங்கே இல்லையே!

மொழி எவருடைய உடைமை? எல்லாருடைய உடைமை, ஆதலின் எவரும் பொறுப்பினின்று நீங்கற்கில்லை. புதுச்சொல் ஒன்றை ஆக்கியவர் அதை ஏட்டில் இட்டு உறங்கற்க. தம் தெருவில் நான்கு பேர் நாவில் அது நடமாடுகின்றதா என்று பார்க்க. மரத்திற்கு வேறு பெயர் வைக்கலாமா என்று கேட்ட அம்மாணவனுக்கு அன்று சொன்ன விடையையே இன்று நமக்கும் சொல்லிக்கொள்வோம்: பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்க்கும்போதே சொல் பிறக்கின்றது.