மடையும் உடைப்பும்

நம் கல்லூரித் தாழ்வாரங்களில் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘கேப்’ என்பதனைப்போல் ஓயாது உழைக்கும் சொல் பிறிதொன்று இல்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவேயுள்ள ஓய்வும் கேப். கதவுக்கும் நிலைக்கும் நடுவேயுள்ள சந்தும் கேப். பேருந்தில் ஒருவர் ஒதுங்கி நிற்க அகப்படும் இடமும் கேப். தந்தைக்கும் மைந்தனுக்கும் கருத்து ஒவ்வாதாயின் அதுவும் கேப். ஒரே எருதை ஏரிலும் வண்டியிலும் கவலையிலும் செக்கிலும் மாறி மாறிப் பூட்டும் உழவன் ஒருவன் இருப்பானாயின் ஊரார் அவனை என்னென்பர்?

பிறமொழிச் சொல்லைக் கண்ட அளவில் கொதித்தெழுவார் கட்சியை நாம் சார்ந்தோமல்லோம். ‘ஜன்னல்’ போர்ச்சுகீசியர் தந்த சொல். அதனை இன்று வீட்டை விட்டு வெளியேற்ற எண்ணுவார் காற்றின்றிப் புழுங்க வேண்டுவதே. சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ என்பது காற்று வரும் வழி எனப் பொருள்படும். ஆங்கிலேயர் ‘விண்டோ’ என்பதும் முதற்கண் காற்றின் கண் என்ற பொருளதே. இங்ஙனம் ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே திறப்பின்முன் நின்று ஏறக்குறைய ஒரே எண்ணம் எண்ணியிருத்தல் வியப்பன்றோ? ஆயின் ஊசியின் துளையில் அவை பிரிந்துவிட்டன. அவர்களுக்கு அது கண், நமக்கோ காது. ஒட்டகம் நுழைய மாட்டாத அவ்வழியைத் தமிழ் வேதாகமமும் காது என்றே கூறுகின்றது. கண்ணை நாம் வேறிடங்களில் வைத்தோம்: வலைக்கண், சல்லடைக்கண், ஊற்றுக்கண், பாலத்தின் கண். வாயையும் விட்டோமல்லோம். வாய்க்கால், கணவாய், நுழைவாய் என எங்கும் அஃது உண்டு. இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக நாம் ஒப்பிக்கும் ‘வாயில்’ என்பதும் இல்லத்தின் வாயே. வேடிக்கை யாதெனின், ‘கேப்’ என்னும் சொல்லும் வாய் பிளத்தலைக் குறிக்கும் பழைய வடபுலச் சொல்லின் இனமாம். நாம் கடன் வாங்கியது நம்மிடம் ஏற்கெனவே நிறைந்து கிடந்த பொருளையே.

ஆங்கிலம் வறிய மொழி என்பதும் எம் கருத்தன்று. கோட்டை மதில் உடைந்த இடத்துக்கு ஒரு சொல், பாறை வெடித்த இடத்துக்கு ஒரு சொல், காசு போடும் துளைக்கு ஒரு சொல் என அவர்கள் பலவற்றை வகுத்து வைத்துளர். அவற்றுள் ஒன்றே ஒன்றை வாங்கி வந்து, அதனைக்கொண்டு நம் வீட்டுச் சொற்கள் பத்தினை வேலையினின்று நீக்கியது நம் செயல்.

நீக்கப்பட்டவை யாவை என்று அறிய விழைவார் ஜேடர்பாளையம் செல்க. 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரையில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் காவிரியின் இடக்கரையில் உள்ளது. ஆங்குள்ள படுகையணையினின்று இராஜ வாய்க்கால் பிரிந்து பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் நீர் ஊட்டுகின்றது. 1934இல் மேட்டூர் அணை எழுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே அல்லாள இளைய நாயக்கர் இதனை வெட்டுவித்தார் என்பது அப்பக்கத்தார் வழங்கும் மரபு. அக்கரையில் நின்று ‘தண்ணீர் ஒரு கேப்பில் போகிறது’ என்று ஒருவர் கூறுவாராயின் கேட்பவர் என் செய்வார்? மதகு எனின், அது கட்டி வைத்த வழி. திறக்கவும் அடைக்கவும் ஆள் உண்டு. மடை எனின், வயலுக்குடையவன் மண்வெட்டியால் ஒரு வெட்டில் திறந்து ஒரு கூடை மண்ணில் அடைப்பது. நண்டு வளை எனின், இன்று சிறிது. கவனியாது விட்டால் நாளை பெரிது. கசிவு எனின், ஒருவர் களிமண்ணோடு போனால் போதும். உடைப்பு எனின், ஊரே எழுந்து மணல் மூட்டையோடு ஓட வேண்டும். ஐந்தும் நீர் செல்லும் திறப்புகளே. ஆயினும் ஒவ்வொரு சொல்லிலும் யார் எழுந்து போக வேண்டும் என்பது அடங்கியுள்ளது.

சொல் மாறினால் வழக்கே மாறும் என்பதற்குத் தொலைவிற் செல்ல வேண்டா. அண்டையிலுள்ள ஈரோட்டுப் பக்கத்தில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கின்றது. பவானிசாகர் அணையோடு 1955இல் நிறைவெய்திய அத்திட்டத்தின் மண் வாய்க்காலுக்குக் காங்கிரீட்டுத் தளமும் சுவரும் அமைப்பது பற்றி உழவரே இரு கட்சியாயினர். 2023ஆம் ஆண்டிலும் போராட்டம் நிகழ்ந்தது. கரை வழியே ஊறிச் செல்லும் நீரை ஒரு சாரார் ‘இழப்பு’ என்கின்றனர். கடைமடைக்கு நீர் எட்டாது ஏங்குவோர் அங்ஙனம் கூறுதல் இயல்பே. மற்றொரு சாராரோ அதனைக் ‘கசிவு நீர்’ என்பர். அவர்தம் கிணறுகளும், கசிவு நீரையே நம்பிய பாசனங்களும் அதனால் வாழ்வன. எது தக்கது என்று தீர்ப்புக்கூற நாம் பொறியியல் கற்றவரல்லோம். எனினும் ‘இழப்பு’ என்று எழுதியவுடனே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகின்றது என்பதைத் தமிழ் கற்பவராகிய நாம் கூறலாம். கசிவு என்ற சொல்லோ இரு திறத்தார்க்கும் வழக்குரைக்க இடம் விடுகின்றது.

உருவகமாய் வழங்குமிடத்தும் இதுவே நிலை. சட்டத்தின் ‘லூப்ஹோல்’ என்பதனைச் செய்தித்தாள்கள் ஓட்டை என்று பெயர்க்கின்றன. அவ்வாங்கிலச் சொல் முதலில் குறித்தது, அகத்திருப்போர் அம்பு எய்தற்கென்றே மதிலில் அமைத்த குறுகிய புழை. ஓட்டையோ ஒருவரும் வேண்டாமலே விழுவது. சில சட்டங்களை நோக்குங்கால், பெருங்கதவைப் பூட்டிவிட்டுத் தம்மவர் குனிந்து போவதற்குத் திட்டிவாசலைத் திறந்து வைத்தாற்போலத் தோன்றுகின்றது. அதனை ஓட்டை என்பது கட்டினவர்க்கு நாம் காட்டும் மிகையான மரியாதை! தலைமுறை இடைவெளி என்பதும் அத்தகையதே. பாட்டனார்க்கும் நமக்கும் நடுவே இருப்பது பூசினால் மறையும் விரிசலா, பூச்சுக்கு அடங்காத பிளவா, அன்றி வேலியில் ஆள் நுழைய விடும் கடவா? அக்கடவினின்றே கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் பிறந்தன. பழஞ்சொல் புதுத்தொழில் செய்ய மாட்டாது என்பார்க்கு இவை விடை கூறும்.

யாழ்ப்பாணத்தில் மிஷன் பணி செய்த வின்ஸ்லோ ஐயரின் அகராதி 1862இல் வெளிவந்தபோது 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தது. அப்பணிக்குத் தமிழ்ப் புலவர் பலரும் உதவினர். நம் கல்லூரி மாணவரோ பல ஊரினர். கோடை விடுமுறையில் தத்தம் ஊர் செல்வோர், வேலியிலும் கரையிலும் கூரையிலும் பாறையிலும் தறியிலும் உள்ள திறப்புகளுக்கு ஆங்குள்ளோர் கூறும் பெயரை, கூறியவர் தொழிலோடு சேர்த்துக் குறித்துவருவாராயின், தமிழ்த்துறையில் அவற்றைத் தொகுத்து வைக்கலாம். ஜேடர்பாளையத்துப் பக்கத்து மாணவர் இருவர் இப்போதே தொடங்கிவிட்டனர். வரப்பில் நண்டு செய்த வளைக்கும் எலி செய்த வளைக்கும் வெவ்வேறு பெயர் உண்டா என்பதில் அவர்களுக்குள் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.