பழைய கணனிக்கு என்ன விலை சொல்வது?

 

இத்தா முடிந்து சில வாரங்களான ஒரு சகோதரி, தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். கணவர் மவுத்தாகும்போது விட்டுச் சென்ற பொருட்களில் ஒரு மடிக்கணனியும் இருந்தது. 2019இல் 120,000 ரூபா கொடுத்து வாங்கியது. பக்கத்து வீட்டு ராத்தாவின் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அதை விற்பதாகப் பேச்சு. "ஹஸ்ரத், என்ன விலை சொன்னால் பாவமில்லாமல் போகும்? அந்த ராத்தா எங்கட கஷ்டத்தில் மூன்று மாதம் சோறு கொண்டு வந்து தந்தவர். முப்பதாயிரத்துக்குக் கொடுத்து விடவா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியதாகத் தெரியலாம். ஆனால் நம் வீடுகளில் பழைய குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின், கைப்பேசி என்று எதையாவது விற்காத வீடு இல்லை. அப்போதெல்லாம் நாமும் வியாபாரிகள்தாம். கடைக்காரருக்குள்ள சட்டம் நமக்கும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். விலைக்கு மார்க்கம் ஓர் எல்லைக் கோடு போடவில்லை. உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்தக் காசுக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அவரது வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். இது புகாரியில் உள்ள சம்பவம். ஆகவே இலாபம் குற்றமல்ல. ஏமாற்றுவதுதான் குற்றம்.

அப்படியானால் நியாயமான விலை எது? பிக்ஹு நூல்களில் 'ஸமனுல் மிஸ்ல்' என்று ஒரு சொல் வரும். அதே போன்ற பொருள், அதே இடத்தில், அதே காலத்தில் என்ன விலைக்குப் போகுமோ அந்த விலை என்பது அதன் கருத்து. இதில் 'அதே காலத்தில்' என்பதைக் கவனியுங்கள். நாம் வாங்கிய விலை அளவுகோலாகாது. 2019இல் ஒரு டொலருக்குச் சுமார் 180 ரூபா. 2022இன் நெருக்கடியில் அது 360 ரூபா வரை ஏறியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. இறக்குமதியாகும் பொருளென்பதால் கணனியின் விலையும் அதனுடன் ஏறியது. மறுபக்கம், கணனி வருடத்துக்கு வருடம் தேய்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணனியென்றால் பெறுமதி மேலும் குறைவது இயல்பு.

எனவே அந்தச் சகோதரியின் தம்பியிடம் சில வேலைகளைச் சொன்னேன். அதே வகை, அதே வயதுள்ள கணனிகளுக்கு மூன்று நான்கு இடங்களில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு என்பதையும் மறவாதீர்கள். திருத்தும் கடையொன்றில் காட்டி, அவர்கள் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். கடைக்காரர் தமக்கு இலாபம் வைத்துத்தான் சொல்வார். இந்த இரண்டுக்கும் இடையில்தான் நியாயமான விலை இருக்கும். அதிலிருந்து, வாங்குபவர் உடனே செய்யவேண்டிய திருத்தச் செலவைக் கழித்துவிடுங்கள் என்றேன்.

ஒரு வாரத்தில் கணக்கோடு வந்தார்கள். எட்டாந் தலைமுறை இன்டெல் கணனி. விண்டோஸ் 11 ஏற்கும். நல்ல நிலையில் இருந்தால் 78,000க்குப் போகும். பற்றரி அரை மணித்தியாலமும் நிற்பதில்லை. புதிது போட 10,000. இரண்டு எழுத்துகள் அழுந்துவதில்லை. கீபோட் திருத்த 4,000. மிச்சம் 64,000 ரூபா.

அப்போதுதான் உம்மாவுடன் வந்திருந்த பதினொரு வயது மகள் மெல்லச் சொன்னாள்: "சூடானால் தானாகவே நின்று போகும். வாப்பா மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்வார்." தம்பியின் முகம் மாறியது. கடையில் காட்டிய பத்து நிமிடத்தில் அது தெரியவில்லை. பக்கத்து வீட்டார் வந்து பார்க்கும் பத்து நிமிடத்திலும் தெரியப் போவதில்லை.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நமது ஈமான் பரீட்சிக்கப்படுகிறது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான செய்தி இது. கணனியின் சூடும் குவியலுக்குள் இருந்த ஈரம்தான். "உள்ளபடி விற்கிறேன், பிறகு பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் தெரிந்தே மறைத்த குறையின் பாவம் நீங்கிவிடாது. "வேறொருவர் எழுபதாயிரத்துக்குக் கேட்டார்" என்று இல்லாத ஆளை உண்டாக்குவதும், "அல்லாஹ் மீது ஆணை, ஒரு குறையும் இல்லை" என்று சத்தியம் செய்வதும் அப்படியே. சத்தியம் சரக்கை விற்றுத் தரும்; பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து.

குறையைச் சொன்னால் விலை குறையுமே என்று பயப்பட வேண்டாம். திரும்பக் கடைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளிருந்த விசிறியில் தூசு அடைத்திருந்தது. 2,500 ரூபா செலவில் துப்புரவு செய்து கொடுத்தார்கள். அதன் பின் இரண்டு நாட்கள் ஓடவிட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அந்த விடயத்தையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். விலை 64,000தான்.

இனி முப்பதாயிரத்துக்குக் கொடுக்கும் விடயம். சோறு தந்த கைக்கு நன்றி காட்ட நினைப்பது நல்ல மனது. ஆனால் அந்தக் கணனி யாருடையது? கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின் மையித்தின் சொத்து வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. அவரது பெற்றோர் முன்பே மவுத்தாகிவிட்டார்கள். மனைவியும், கட்டாரில் வேலை செய்யும் ஒரு மகனும், இரண்டு சிறிய பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. 64,000இல் 8,000 ரூபா. மிகுதி 56,000இல் மகனுக்கு 28,000, மகள்மார் ஒவ்வொருவருக்கும் 14,000.

"முப்பதாயிரத்துக்குக் கொடுத்தால், அந்த 34,000 ரூபா தர்மத்தில் பெரும் பகுதி உங்களுடைய காசு அல்ல தங்கச்சி" என்றேன். அவர் மகளின் தலையைத் தடவியபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று ஸூரத்துன்னிஸாவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். தகுந்த விலைக்குக் குறைத்து விற்று, அவர்களின் பங்கைப் பிறருக்கு விட்டுக் கொடுக்கவும் நமக்கு உரிமையில்லை. சிறு பிள்ளைகளின் பங்குக்குப் பொறுப்பாளர் யார் என்பதையும் உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு, அவர் சம்மதத்துடனேயே விற்க வேண்டும்.

ஆனால் வழி அடைபடவில்லை. தாய் தன் 8,000 ரூபாவை விட்டுக் கொடுக்கலாம், அது அவருடையது. வயது வந்த மகனும் மனம் விரும்பினால் தன் பங்கில் விட்டுக் கொடுக்கலாம். சிறுமிகளின் 28,000 மட்டும் முழுதாக வந்து சேர வேண்டும். அன்றிரவே மகனுக்கு வட்ஸ்அப்பில் பேசினார்கள். அவன் பன்னிரண்டாயிரம் விட்டுக் கொடுத்தானாம். 44,000 ரூபாவுக்கு, எல்லாக் குறையும் சொல்லி, கணனி பக்கத்து வீட்டுக்குப் போனது. ராத்தா விலையைக் கேட்டுவிட்டு, "இது குறைவல்லவா?" என்று கேட்டாராம். வாங்குபவர் அப்படிக் கேட்பதும் நம் முன்னோரின் வழிதான். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு வாங்கப்பட்டபோது, அதன் பெறுமதி அதற்கும் மேல் என்று சொல்லிச் சொல்லி, உரிமையாளருக்கு 800 வரை கொடுத்ததாக இமாம் நவவி (ரஹ்) எடுத்தெழுதுகிறார்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான விடயம். கணனியைக் கொடுக்குமுன் அதிலுள்ள குடும்பப் படங்கள், கடிதங்கள், வங்கி விபரங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, உள்ளே இருப்பவற்றை முற்றாக அழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டிக்கு அனுப்பிய கோப்புகளைத் திரும்ப எடுக்க முடியும். அதனால் விபரம் தெரிந்த நம்பிக்கையான ஒருவர் மூலம் முழுமையாகத் துடைத்துக் கொள்வதே நல்லது. வீட்டுப் பெண்களின் படங்கள் பிறர் கையில் சேராமல் காப்பதும் அமானத்தே.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவாக்கினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். பொய் சொல்லி மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த வாக்கு. உங்கள் வீட்டு மூலையில் விற்பனைக்குக் காத்திருக்கும் பொருள் எதுவோ, அதன் ஈரத்தை மேலே எடுத்து வையுங்கள். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.