சனிக்கிழமைக் குளியலும் ஒரு பீகிளின் காதும்

நாச்சாரத்தில் தமிழர் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. சனிக்கிழமை காலை எந்த வீட்டிலிருந்து சீயக்காய் வாசனை வருகிறதோ, அங்கே கதவைத் தட்டலாம். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. தெலுங்கு சரளமாகிவிட்டது, கோங்குரா பழகிவிட்டது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மட்டும் விடவில்லை. அதை நாய்க்கும் நீட்டித்ததில்தான் வினை ஆரம்பித்தது.

நாய் என் மகன் வாங்கியது. பீகிள் ஜாதி. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட மோப்ப நாய். மகன் வேலை மாற்றலாகி புனே போனபோது, 'லட்டு' எங்களோடு தங்கிவிட்டது. என் அம்மா எனக்குச் செய்ததையெல்லாம் நான் லட்டுவுக்குச் செய்தேன். வாராவாரம் நல்லெண்ணெய், சீயக்காய், காதில் இரண்டு சொட்டு காய்ச்சின எண்ணெய். அதுவும் பரம சாதுவாக நின்றது.

மழைக்காலம் வந்ததும் லட்டு அடிக்கடி தலையை உதற ஆரம்பித்தது. பின்னங்காலால் காதைச் சொறியும். பக்கத்தில் போனால் புளித்த தோசை மாவு மாதிரி ஒரு வாடை. நாய் என்றால் நாற்றம் இருக்கத்தானே செய்யும் என்று வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டினேன். வாடை அதிகமானதுதான் மிச்சம்.

ஒரு மாலை, நான்காவது மாடிப் பையன் வழக்கம்போல ஓடி வந்து அதன் காதைப் பிடித்துக் கொஞ்சினான். யாரையும் பார்த்து உறுமாத லட்டு சட்டென்று கடித்துவிட்டது. விரலில் லேசான கீறல்தான். ஆனாலும் சோப்புப் போட்டு கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவி, உடனே ஊசிக்கு அழைத்துப் போனோம். வெறிநாய்க்கடி விஷயத்தில் சின்னக் கீறல், பெரிய கீறல் என்ற பேதமெல்லாம் கிடையாது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். அன்று இரவே குடியிருப்போர் சங்கம் கூடியது. தீர்ப்பு இரண்டு வரி: நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எங்காவது விட்டுவிட்டு வாருங்கள்.

விடுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று தார்நாகா பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கைப் பஞ்சில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சார் ஊற்றினீர்கள்?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மனிதக் காதின் துவாரம் ஏறக்குறைய நேராகப் போகிறது. நாயின் காது அப்படியல்ல. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி. உள்ளே போன தண்ணீர் அந்த முனையில் தேங்கிவிடும். பீகிள், 'ஹஷ் பப்பீஸ்' செருப்பு விளம்பரத்தில் வரும் பாஸெட் ஹவுண்ட் போன்ற தொங்கு காது நாய்களுக்கு, துவாரத்தின் மேலே ஒரு மூடியும் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரம், சூடு, போதாததற்கு நான் ஊற்றிய எண்ணெய். பூஞ்சை வளர வேறென்ன வேண்டும்? புளித்த மாவு வாடை அதனுடையதுதான். அந்தக் காதைப் பையன் இழுத்தால் லட்டு வேறு என்ன செய்யும்? வலிக்கிறது என்று சொல்ல அதற்குப் பல்லை விட்டால் வேறு பாஷை கிடையாது.

சிகிச்சை எளிதானது. காதைச் சுத்தம் செய்து, மூன்று வாரம் சொட்டு மருந்து. அதோடு எனக்கும் சில பாடங்கள். அவற்றை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

நோயில்லாத குட்டை முடி நாய்க்கு மாதம் ஒரு குளியல் போதும். நடுவில் ஈரத்துணியால் துடைத்தால் சரி. நம் சோப்பு வேண்டாம். மனிதத் தோல் அமிலத்தன்மை கூடியது, நாயின் தோல் அப்படியில்லை. நாய்க்கான ஷாம்புவை வெதுவெதுப்பான நீரில் போட்டு, நுரை துளியும் தங்காமல் அலச வேண்டும். குளியலுக்கு முன் காதின் வாயில் பஞ்சு வையுங்கள், ஆழமாகத் திணிக்காமல். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றாமல் துணியால் துடையுங்கள். பிறகு காது மடலைத் தூக்கி, உள்பக்கத்தை ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள்.

வாரம் ஒரு முறை காதைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இளஞ்சிவப்பாக, வாடையில்லாமல் இருந்தால் எதையும் தொடவேண்டாம். காப்பித்தூள் மாதிரிக் கறுப்பு அழுக்கு தெரிந்தால் அது காதுப்பேனாக இருக்கலாம். குட்டிகளுக்கு அதிகம் வரும். உண்ணிக்கும் காது மடிப்பு பிடித்தமான இடம். சுத்தம் செய்ய, மருத்துவர் தரும் திரவத்தைச் சில சொட்டு விட்டு, காதின் அடிப்பாகத்தைத் தேய்த்து, நாய் தலையை உதறியதும் வெளியே வந்ததை மட்டும் துடைக்க வேண்டும். பட்ஸ் குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். ஓயாமல் தலையை உதறினால் தாமதிக்காதீர்கள். உதறலில் ரத்தக்குழாய் உடைந்து காது மடலே பலூன் போல வீங்கிவிடும்.

நம்மூர் வேட்டை நாய்களான சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல் ஆகியவற்றுக்குச் சின்ன, மெல்லிய காது. காற்று புகும். ஆனால் உடம்பில் கொழுப்பு குறைவு. குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி நிழலில் கட்டினால் நடுங்கிவிடும். வெயிலில் துவட்டுங்கள்.

ராஜபாளையத்தின் காது விஷயம் வேறு. குளியலால் வருவதல்ல, நம் ஆசையால் வருவது. தூய வெள்ளை, ரோஸ் மூக்கு என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோம். தோலுக்கு நிறம் தரும் அதே வகை செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே குட்டியின் கேட்கும் திறன் போய்விடுகிறது. வெள்ளையில் புள்ளி போட்ட டால்மேஷியனிலும் இதே கதைதான்; அமெரிக்காவில் சோதித்தவற்றில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. செவிடான குட்டியைப் 'பேச்சைக் கேட்காத நாய்' என்று அடிப்பவர்கள் உண்டு. அதற்கு எப்படிக் கேட்கும்? தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கை ஜாடையில் சொல்லிக் கொடுத்தால் அதுவும் அழகாகக் கற்றுக்கொள்ளும்.

மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு சங்கத்துக்குப் போனேன். ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே வாடை போய்விட்டது. தவணை முடிந்த அன்று பையன் தன் அப்பாவோடு வந்தான். கொஞ்ச நேரம் எட்டி நின்று பார்த்துவிட்டு, காதை விட்டுவிட்டு முதுகைத் தடவினான். லட்டு வாலை ஆட்டியது. சங்கத்தில் அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

இப்போதும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் சீயக்காய் வாசனை வருகிறது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும் லட்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. கிண்ணம் எனக்கு மட்டும்தான் என்று அதற்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.